நட்சத்திர மீன் பெரியபிள்ளையான நாள்

கல்முனைக்கு வடக்கே, மருதமுனைக் கடற்கரையில், நட்சத்திர மீனின் முட்டை முதிர்வதைக் கவனிப்பதற்கென்று ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டியது. அதுவரைக்கும் அந்த முட்டைகள் யாருடைய கவனிப்பும் இல்லாமலே முதிர்ந்துகொண்டிருந்தன. அந்த ஒழுங்கீனத்தை முடிவுக்குக் கொண்டுவருவதே தமது நோக்கம் என்று அத்தியட்சகர் பூபாலசிங்கம் திறப்பு விழாவில் சொன்னார்.

கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளமாக இருந்தது. நிலையத்தின் முழுப் பெயரும் நிலையத்தின் வளவுக்குள் அடங்கவில்லை. கடைசிச் சொல் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் அதில் வலை காயப்போட்டார். அரச சொத்தில் வலை காயப்போட்டதற்காக அவருக்கும், தம் தோட்டத்துக்குள் சொல் நுழைந்ததற்காக அரசாங்கத்துக்கும் இடையில் ஒரு வழக்கு நடந்தது. அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

ஆராய்ச்சி என்னவோ மெய்யான ஆராய்ச்சிதான். ஷரிபுதீன் என்ற இளம் விஞ்ஞானி சீமையில் படித்துவிட்டு வந்து அதை எழுதியிருந்தார். தாயின் வயிற்றில் நட்சத்திர மீனின் முட்டை ஓரளவு வளரும். பிறகு அப்படியே நின்றுவிடும். நடுவில் கண்போல ஒரு வட்டம் தெரியும். தாயின் நரம்பிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து, அதன் சேதி முட்டைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வட்டம் கரைந்து முட்டை முதிரும். அதுவரை அது காத்துக் கிடக்கும். இவ்வளவுதான் விசயம். அந்தச் சேதியைத்தான் அவர் இங்கிலீசில் ‘சிக்னல்’ என்று எழுதினார். கொழும்பில் ஒரு மேசை அதைச் சிங்களமாக்கியது. அடுத்த மேசை அந்தச் சிங்களத்தைத் தமிழாக்கியது. மருதமுனைக்கு வந்து சேர்ந்தபோது அது, ‘நட்சத்திர மீன் முட்டைகள் பருவமடைவதில் கொடியசைப்பின் பங்கு’ என்று ஆகியிருந்தது.

பருவமடைதல் என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியும்.

“என்ன கா, மீன் பெரியபிள்ளையாகிறதப் பாக்கக் கொழும்பிலிரிந்து ஆம்பிளையள் வந்திரிக்காங்களாமே?” என்று ஊர்த் தறிக்கூடத்தில் றுகையா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“குமர் இரிக்கிற வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி. வெக்கங்கெட்ட வேல” என்றாள் பக்கத்துத் தறியிலிருந்த ஆயிஷா உம்மா.

“மறுகா, பெரியபிள்ளையானா அதுக்குத் தலைக்குத் தண்ணி வார்ப்பாங்களா?”

“அது தண்ணிக்குள்ளதானே கா கிடக்கி.”

தறிக்கூடம் முழுக்கச் சிரித்தது. றுகையா அதிகம் சிரித்தாள். அவளுக்குக் கலியாணம் முடிந்து அதிக காலமாகவில்லை. அவள் மாப்பிள்ளை மசூர், காலிதீன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஒரு தோணியில் கடலுக்குப் போகிறவன்.

மசூரின் கூடப்பிறந்த மூத்தவர், அவனுடைய காக்கா, ஆதம்பாவா. தோணிகள் திரும்பி வரும்போது மணல்மேட்டில் நின்று வெள்ளைச் சால்வை காட்டுவது ஆதம்பாவாவின் வேலை. அந்தக் கரையில் அலை உடையும் இடம் பொல்லாதது. தோணிக்குள் இருப்பவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் எழும்பும் அலை தெரியாது. மேட்டில் நிற்பவனுக்குத் தெரியும். ஆகவே தோணி அலைக்கு வெளியே நின்று மேட்டைப் பார்க்கும். சால்வையைத் தலைக்கு மேலே நேராகப் பிடித்தால் ‘நில்.’ கரைப் பக்கமாக வீசி இழுத்தால் ‘வா.’ அவ்வளவுதான் பாஷை. வாப்பா மவுத்தான பிறகு தம்பியை வளர்த்தவர் ஆதம்பாவா. மசூர் முதன்முதல் தனியாகத் துடுப்புப் பிடித்த நாளிலிருந்து ஒரு நாளும் அந்த மேட்டை அவர் விட்டதில்லை.

அந்த மேட்டைத்தான் நிலையம் வேலி போட்டு எடுத்துக்கொண்டது.

ஆதம்பாவா சாரனைச் சரிசெய்துகொண்டு அத்தியட்சகரைப் பார்க்கப் போனார். போன நேரம் நல்ல நேரமா கெட்ட நேரமா என்று சொல்லத் தெரியவில்லை. கொழும்பிலிருந்து ‘கொடியசைப்பாளர், மூன்றாந்தரம்’ என்று ஒரு பதவியை அனுமதித்திருந்தார்கள். ஆளில்லாமல் பதவி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“உமக்குச் சைகை காட்டத் தெரியுமாம்?” என்றார் பூபாலசிங்கம்.

“ஓம் சேர்.”

“யாருக்குக் காட்டியிருக்கிறீர்?”

“தோணிக்கு.”

“முட்டைக்கு?”

ஆதம்பாவா யோசித்தார். “இல்ல சேர். இதுவரைக்கும் ஒரு முட்டையும் கேக்கல்ல.”

“பரவாயில்லை. பழகுவீர். பதவியை ஏற்றால் மேட்டுக்குப் போய்வரும் உரிமை உமக்கு உண்டு.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆதம்பாவா அரசாங்க உத்தியோகத்தரானார்.

மறுநாள் அவருக்குப் பச்சைக் கொடி ஒன்று கொடுத்து, முட்டைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அசைத்தார். முட்டைகள் அசையவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், அசைத்தார். கூட்டம் கூடியது. முட்டையின் பருமனுக்குக் கொடி மிகப் பெரிது, முட்டை பயந்திருக்கலாம் என்று முடிவானது. அதன்படி ஒரு தையல் ஊசியைக் கொடிக்கம்பாக்கி, அதன் நுனியில் எள்ளின் அளவுக்குப் பச்சைத்துணி கட்டினார்கள். அந்தத் துணியை நெய்து கொடுத்தது றுகையாதான். நெய்த பிறகு அது தறியில் எங்கே இருக்கிறதென்று தேட அரை நாள் போனது. பிறகு ஆதம்பாவா பூதக்கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, இரண்டு விரலால் ஊசியை அசைக்கத் தொடங்கினார். மூச்சு விட்டால் கொடி பறந்துவிடும். இரண்டு தரம் பறந்தது. ஒரு தரம் அத்தியட்சகரின் தேநீருக்குள் விழுந்தது. அவர் அதை அருந்திவிட்டபடியால் புதுக்கொடி வரும்வரை அலுவலகத்துக்கு விடுமுறை.

ஷரிபுதீன் பொறுக்காமல் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். “சேர், சிக்னல் என்றால் கொடியில்லை. அது நரம்பிலிருந்து கசிகிற ஒரு பொருள். நரம்பை எடுத்துக் கடல்நீரில் அரைத்து ஊற்றினால்...”

“நரம்பா?” பூபாலசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, நரம்பு சுகாதாரத் திணைக்களம். நாங்கள் மீன்பிடி. மற்றவன் திணைக்களத்துக்குள் நாங்கள் காலை வைத்தால் நாளைக்கு அவன் எங்கள் தொட்டிக்குள் கையை வைப்பான். முட்டை முதிர்கிறதோ இல்லையோ, ஒழுங்காக முதிரவேண்டும். நீர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.”

ஷரிபுதீன் ஞாபகம் வைத்துக்கொண்டார்.

எள்ளளவு கொடிக்கும் முட்டை மசியாததால் அடுத்த கூட்டத்தில் குற்றம் ஊரின்மேல் போடப்பட்டது. கரையில் ஆளாளுக்குக் கையசைப்பதால் முட்டைகளுக்கு எது அரச சைகை, எது தனியார் சைகை என்று விளங்கவில்லையாம். ஆகவே நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் அனுமதியில்லாமல் எதையும் அசைப்பது தடைசெய்யப்பட்டது. பெண்கள் காயப்போட்ட சேலைகளுக்குக் கல் கட்டினார்கள். கல்முனை பஸ்ஸை மறிக்கக் கை நீட்டாமல் கூப்பாடு போட்டார்கள். மக்கத்துக்கு ஹஜ்ஜுக்குப் போன ஒரு மனிசனை அவர் குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு நின்று வழியனுப்பியது. அவர் கோபமென்று நினைத்து மக்கத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

“அப்ப தோணிக்குச் சால்வை, சேர்?” என்று ஆதம்பாவா கேட்டார்.

“ஒவ்வொரு நாளும் விண்ணப்பித்தால் ஒவ்வொரு நாளும் பரிசீலிக்கப்படும்.”

ஆதம்பாவா ஒவ்வொரு நாளும் விண்ணப்பித்தார். தோணி வரும் நேரம் வந்ததும் அத்தியட்சகரின் மேசைக்கு முன்னால் போய் நிற்பார், அனுமதித் துண்டில் கையொப்பம் விழும், மேட்டுக்கு ஓடுவார். மசூர் கரையேறியதும் கேலி பண்ணுவான்.

“என்ன காக்கா, இண்டைக்கு நான் கரைக்கு வாறதுக்கு அரசாங்கம் சம்மதிச்சிட்டா?”

“சம்மதிச்சிட்டு. பேசாம மீனத் தூக்கு.”

“கேட்டு வைங்க காக்கா, ராவைக்கு றுகையாட வீட்ட போறதுக்கும் துண்டு வேணுமா எண்டு.”

“பேயன்” என்பார் ஆதம்பாவா. சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

ஐப்பசி கடைசியில் வாடைக்காற்று முன்கூட்டியே தலைகாட்டியது. அன்று காலையில் கடல் சும்மா கிடந்ததால் மசூரும் காலிதீனும் போய்விட்டார்கள். பின்னேரம் காற்றுத் திரும்பியது.

அதே பின்னேரம் ஷரிபுதீன் ஒரு குற்றம் செய்தார். யாரும் பார்க்காத நேரத்தில் நட்சத்திர மீனின் நரம்பை அரைத்து, கடல்நீரில் கலந்து, வடித்து, தொட்டிக்குள் ஊற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் முட்டைகளின் கண்போன்ற வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கரையத் தொடங்கின. அந்த நேரத்தில் பூதக்கண்ணாடிக்கு முன்னால் ஊசியோடு குந்தியிருந்தவர் ஆதம்பாவா.

“கரையுது! கரையுது!” என்று பூபாலசிங்கம் துள்ளினார். “கொடி வேலை செய்கிறது! ஆதம்பாவா, கையை நிறுத்தாதேயும்!”

ஆதம்பாவா அசைத்துக்கொண்டே யன்னலால் பார்த்தார். அலை உடையும் இடத்துக்கு அப்பால் தோணி வந்து நின்றது. மசூர் எழுந்து நின்று மேட்டைப் பார்ப்பது தெரிந்தது. மேட்டில் யாருமில்லை.

“சேர், தோணி வந்திட்டு.”

“நிற்கட்டும்.”

“கடல் சரியில்ல சேர். துண்டில ஒரு கையொப்பம் போடுங்க. போய்க் காட்டிட்டு ஓடி வந்திருவன்.”

“ஒரே நேரத்தில் ஒரு கொடியசைப்பாளர் இரண்டு சைகை வழங்க முடியாது. சுற்றறிக்கை இருக்கிறது.” பூபாலசிங்கத்தின் கண் கலங்கியிருந்தது, உண்மையான உணர்ச்சிதான். “ஆதம்பாவா, சற்று யோசித்துப் பாரும். இந்த முட்டைகள் எவ்வளவு காலமாக ஒரு சேதிக்காகக் காத்திருந்தன! வாய் திறந்து கேட்கத் தெரியாத சீவன்கள். நாங்கள் அவற்றைக் கைவிடலாமா?”

ஆதம்பாவா ஷரிபுதீனைப் பார்த்தார். ஷரிபுதீன் சுவரைப் பார்த்தார். ‘இது கொடியால் நடக்கவில்லை, நான் ஊற்றிய நீரால் நடக்கிறது, அந்த மனிசனை விடுங்கள்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. தகுதிகாண் காலமும் கூடவே வந்தது.

காற்று ஏறியது. தோணி அலைக்கு வெளியே தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றது. அதில் நின்ற ஆள் மேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காக்கா வராமல் இருக்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

கடைசி வட்டம் கரைவதற்குமுன் ஆதம்பாவா ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினார். பின்னால் அத்தியட்சகர் கூப்பிட்டது காதில் விழவில்லை. மேட்டில் ஏறும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. தோணிக்குப் பின்னால் கறுத்த சுவராய் ஓர் அலை எழும்புவதைக் கண்டார். சால்வையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார். நில். நில் தம்பி.

அவ்வளவு நேரம் வெறும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இருட்டுப்படுகிற நேரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததே போதுமாக இருந்தது. கரையை நோக்கித் துடுப்புப் போட்டான்.

அன்றிரவு கொழும்புக்குத் தந்தி போனது: ‘முட்டை பருவமடைந்தது.’

காலிதீனைக் கடல் வடக்கே கொண்டுபோய்க் கரையில் போட்டது. மசூரை எங்கேயும் போடவில்லை.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். மசூரைப் பற்றி விசாரிக்க அல்ல. வெற்றிபெற்ற ஆய்வின் நடுவில் ஊசி கீழே விழுந்ததைப் பற்றி. ஆனாலும் மனிசத்தன்மையுள்ளவர், மற்றதையும் சேர்த்தே விசாரித்தார். முதலில் காலிதீன்.

“தோணி கவுந்திட்டு சேர். மசூர அலை இழுத்துட்டுப் போனத நான் கண்டன். நான் இஞ்சால ஒதுங்கிட்டன்.”

“எதன் பேரில் கரையேறினீர்?”

“அலையிட பேரில சேர்.”

“அதாவது சைகை இல்லாமல்.” அதிகாரி எழுதிக்கொண்டார். “அனுமதியின்றிக் கரையேறிய ஒருவரின் சாட்சியத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை. நீர் இன்னும் வரவில்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.”

காலிதீன் தன் கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே போனான்.

அடுத்து ஆதம்பாவா. அவர் கதிரையில் உட்காரவில்லை.

“சேர், நான்தான் சால்வையத் தூக்கினன். நில்லு எண்டுதான் தூக்கினன். அவன் வா எண்டு நெனச்சிட்டான். என்னய என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க.”

“அனுமதி இருந்ததா?”

“இல்ல சேர்.”

“அப்படியானால் அது சைகை அல்ல. காற்றில் ஒரு துணி அசைந்திருக்கிறது.” அதிகாரி கனிவோடு சொன்னார்: “உம்மீது ஒரு குற்றமும் இல்லை. மனதைத் தேற்றிக்கொள்ளும். உமது பதவி இன்றுமுதல் நிரந்தரமாக்கப்படுகிறது.”

ஆதம்பாவா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். குற்றத்தைக்கூட வாங்கிக்கொள்ள மறுக்கிற இடத்தில் மனிசன் எதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

அறிக்கை வந்தது. சம்பந்தப்பட்ட தோணிக்கு அன்று ‘வா’ வழங்கப்படவில்லை. வழங்கப்படாமல் எந்தத் தோணியும் கரைக்குப் புறப்படாது. ஆகவே அது புறப்படவில்லை. ஆகவே அது கவிழவில்லை. அது அலைக்கு வெளியே காத்திருக்கிறது.

தான் வெள்ளை உடுத்து விதவையின் இத்தா இருக்கலாமா என்று றுகையா பள்ளிவாசலுக்கு ஆளனுப்பிக் கேட்டாள். மையித்தும் கரையொதுங்கவில்லை, ஒரே சாட்சி போதாது. பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் நல்ல மனிசன், ஒரு வழி சொன்னார். “அரசாங்கத்தில மவுத்துத் துண்டு ஒண்டு எடுக்கச் சொல்லுங்க. அது வந்தா புள்ள இத்தா இருக்கலாம்.” பதிவுகாரரிடம் போனால், நிலையத்தின் கடிதம் வேண்டுமென்றார். நிலையத்துக்குப் போனால், காத்திருக்கிறவருக்கு எப்படி மரணக் கடிதம் கொடுப்பதென்று கேட்டார்கள்.

ஒரு நாள் ஆதம்பாவா போனபோது அவள் தறியில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“மச்சான், நான் வெள்ளை உடுக்கிறதா, இல்லியா?”

ஆதம்பாவா குனிந்து, தறியில் அறுந்து கிடந்த இழையொன்றை முடிந்தார்.

“உடுத்தா நானே அவர மவுத்தாக்கின மாதிரி. உடுக்காட்டி ஊரு என்ன சொல்லும்? சோறாக்கக்குள்ள கை ரெண்டு பேருக்கு அரிசி போடுது. சொன்னாலும் கேக்குதில்ல.” பிறகு சொன்னாள்: “அவரு இரிக்காரா, இல்லியா எண்டு ஒரு சொல்லு மட்டும் வாங்கித் தாங்க.”

ஆதம்பாவா மறுநாள் அத்தியட்சகரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். வேறொன்றும் கதைக்கவில்லை, நின்றார். அத்தியட்சகருக்கு அது சங்கடமாக இருந்தது. கடைசியில் கொழும்போடு எழுதிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோணிக்கு இப்போது முறைப்படி ‘வா’ வழங்குவது. வந்தால் நல்லது. நியாயமான நேரத்துக்குள் வராவிட்டால் வராது என்று எழுதலாம். கோப்பை மூடலாம்.

அதற்கென்று ஒரு நாள் வைத்தார்கள். மேட்டில் கதிரைகள் போட்டார்கள். கொழும்பு அதிகாரி வந்தார். பூபாலசிங்கம் பேசினார்: “இந்த நிலையம் ஒரு முட்டைக்குக் கொடுத்த அக்கறையை ஒரு மனிசனுக்கும் கொடுக்கும் என்பதற்கு இன்று சான்று. தாமதம் நேர்ந்திருக்கலாம். ஆனால் எங்கள் சைகை ஒருபோதும் தவறான இடத்துக்குப் போனதில்லை.” கைதட்டுவதற்குச் சிலர் கையைத் தூக்கி, தடை ஞாபகம் வந்து கீழே விட்டார்கள்.

ஷரிபுதீன் தள்ளி நின்றார். அவர் வேலையைத் துறந்து எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தில் நரம்பு நீரைப் பற்றியும் எழுதியிருந்தார். கடிதத்தைச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆதம்பாவாவின் கையில் கையொப்பமிட்ட துண்டு கொடுக்கப்பட்டது. அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சால்வையை எடுத்தார். கரையில் ஊர் நின்றது. முன்னால், நனைமணலில், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு றுகையா நின்றாள்.

கடலைப் பார்த்து, கரைப் பக்கமாகச் சால்வையை வீசி இழுத்தார். வா.

வரப்போவதில்லை என்று ஊருக்குத் தெரியும். காலிதீனுக்குத் தெரியும். அப்படியிருந்தும் சால்வை வீசப்பட்ட அந்தக் கணத்தில் கரையில் நின்ற அத்தனை தலையும் கடல் பக்கம் திரும்பியது. றுகையா இரண்டு எட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “வரவில்லை” என்று சொல்லி எழுதிக்கொண்டார். பூபாலசிங்கம் பக்கத்தில் ஒப்பமிட்டார். கதிரைகளை மடித்தார்கள். ஜீப் புறப்பட்ட சத்தம் கேட்டது.

ஊர் கலையவில்லை. றுகையா திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

“மச்சான்” என்றாள். “இன்னொருக்காக் காட்டுங்க. இது அவங்களுக்கில்ல.”

ஆதம்பாவா கடலைப் பார்த்தார். அலை ஓய்ந்து கிடந்தது. தோணி உள்ளே வருவதற்கு அதைவிடத் தோதான நேரம் அமையாது. அவர் சால்வையைத் தூக்கி, மெதுவாக, நன்றாகத் தெரியும்படி, வீசினார்.